படிவத்தில் ஒரு கட்டம்: குடும்ப வருமானம்

மாணவர்களே! தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வங்கியிலிருந்தோ மின்சார அலுவலகத்திலிருந்தோ ஒரு தாள் வந்தால், பெரியவர்கள் அதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்" என்பார்கள். வீட்டின் மொழி தமிழாகவும் தாளின் மொழி வேறாகவும் இருப்பதால் பிள்ளைகளே வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆகின்றனர். அவ்வாறு ஒருநாள் ஒரு கடன் விண்ணப்பம் உங்கள் கைக்கு வரலாம். பெயர், வயது, முகவரி ஆகியவற்றை எளிதாக நிரப்பிவிடுவீர்கள். பிறகு ஒரு கட்டம் வரும். அதன்மேல் மராத்தியில் 'கௌடும்பிக் உத்பன்ன' என்றோ இந்தியில் 'பாரிவாரிக் ஆய்' என்றோ எழுதியிருக்கும். தமிழில் அதனைக் குடும்ப வருமானம் என்கிறோம்.

அந்தக் கட்டத்தில் எழுதப்படும் எண் சிறியதொரு எண்தான். ஆனால் எவ்வளவு கடன் கிடைக்கும், மாதந்தோறும் எவ்வளவு தவணை கட்ட வேண்டும், கட்டியபின் வீட்டில் உண்ண என்ன மிஞ்சும் என்பனவெல்லாம் அந்த எண்ணையே பற்றி நிற்கின்றன. 'கொஞ்சம் கூட்டிப் போடு, அப்போதுதான் கடன் கிடைக்கும்' என்று அருகிலிருப்பவர் சொல்வதும் உண்டு. அதன் விளைவு என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

யார் யார் குடும்பம்?

ஈடு எதுவும் வாங்காமல் எளிய குடும்பங்களுக்குக் கொடுக்கப்படும் கடனைக் குறுங்கடன் என்கிறோம். இதற்கான விதிகளை இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் வெளியிட்டது; அவை அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளன. ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஈடின்றித் தரப்படும் கடனே குறுங்கடன் என்று அவ்விதிகள் வரையறுக்கின்றன. முன்பு ஊரகத்திற்கு ஓர் எல்லையும் நகரத்திற்கு வேறோர் எல்லையும் இருந்தன. 2022 முதல் இரண்டிற்கும் ஒரே எல்லைதான். வாடகை மிகுந்த மும்பைக்கும் சொந்தக் குடிசையுள்ள சிற்றூருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே.

இவ்விதிகளின்படி குடும்பம் என்பது கணவன், மனைவி, அவர்களின் திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோரை மட்டுமே குறிக்கும். நாம் குடும்பம் என்று சொல்லும்போது பாட்டியையும் சித்தப்பாவையும் சேர்த்தே சொல்கிறோம். விதியின் குடும்பம் அதைவிடச் சிறியது. திருமணமான அண்ணன் ஒரே அறையில், ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்தாலும் கணக்கில் அவர் வேறு குடும்பம். திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூரில் இருக்கும் பாட்டிக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினாலும் பாட்டி இக்குடும்பத்தில் சேரமாட்டார். பாட்டி சேர்வதில்லை, ஆனால் பாட்டிக்குப் போகும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். இந்த வேறுபாட்டை மறவாதீர்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

வருமானத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதற்கும் ரிசர்வ் வங்கி ஒரு வழிகாட்டியை இணைத்துள்ளது. சம்பளம், கூலி, சொந்தத் தொழில் ஆகியவற்றோடு வாடகை, ஓய்வூதியம், அரசின் உதவித்தொகை, மாணவர்களின் கல்வி உதவித்தொகை ஆகியவையும் பார்க்கப்படும். ஒரு மாத வருமானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், குறைந்தது ஓராண்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

அவ்வழிகாட்டியில் ஒரு குறிப்பு, பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களை எண்ணியே எழுதப்பட்டது போல இருக்கிறது. தந்தை மும்பையில் மாதம் 16,000 ரூபாய் ஈட்டுகிறார். ஊரிலிருக்கும் தாய்க்கு 9,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயின் படிவத்தில் 'கணவரின் சம்பளம் 16,000' என்று ஒரு வரியிலும், 'வெளியூரிலிருந்து வரும் பணம் 9,000' என்று இன்னொரு வரியிலும் எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 25,000 ஆகிவிடும். உண்மையில் அந்த 9,000 ரூபாய், 16,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஒரே பணத்தை இருமுறை எண்ணக்கூடாது என்று வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது.

பாதி என்னும் வரம்பு

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாராவியில் வாடகை அறையொன்றில் நால்வர் வாழ்கின்றனர். தந்தை தோற்பைப் பட்டறையில் வேலை செய்கிறார். பத்து மாதங்கள் அவருக்கு மாதம் 13,000 ரூபாய் வருகிறது. மழை மிகுந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வேலை குறைந்து 8,000 ரூபாய்தான் வருகிறது. தாய் முறுக்குச் சுட்டு விற்கிறார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அவருக்கு மாதம் 10,000 ரூபாயும் மற்ற மாதங்களில் 4,000 ரூபாயும் கிடைக்கின்றன. திருமணமாகாத அக்காள் ஒரு கடையில் மாதம் 5,500 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். பள்ளியில் படிக்கும் உங்களுக்கு ஆண்டிற்கு 4,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது.

ஆண்டுக் கணக்கில் தந்தையின் வருமானம் 1,46,000, தாயினது 60,000, அக்காளினது 66,000, உங்களுடையது 4,000. ஆகக் கூடுதல் 2,76,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சராசரி 23,000 ரூபாய்.

ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதந்தோறும் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 2022-ஆம் ஆண்டு விதிகளின் உயிர்நாடி இதுவே. அசலும் வட்டியும் இதில் அடங்கும். நகையை அடகு வைத்த கடனும் இதில் அடங்கும். நம் எடுத்துக்காட்டில் பாதி என்பது 11,500 ரூபாய். ஏற்கெனவே ஒரு மகளிர் குழுக் கடனுக்கு 4,500 ரூபாயும், தவணையில் வாங்கிய குளிர்பெட்டிக்கு 3,000 ரூபாயும் கட்டிவருகின்றனர் என்றால், புதிய கடனின் தவணை 4,000 ரூபாய்க்கு மேற்படலாகாது.

இந்த விதி ஏன் வந்தது? 2010-ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் ஏழைப் பெண்கள் பலர் ஒரே வேளையில் பல நிறுவனங்களிடம் கடன்பட்டு, ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கித் துன்பத்தில் ஆழ்ந்தனர். அம்மாநில அரசு அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011 சனவரியில் அறிக்கை அளித்தது. அதன்பின் வந்த விதிகள், ஒருவருக்கு இரண்டு குறுங்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரலாகாது என்று நிறுவனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. எத்தனை பேர் கடன் கொடுத்தார்கள் என்று எண்ணிய காலம் மாறி, வீட்டிற்கு எவ்வளவு வருகிறது என்று எண்ணும் காலம் 2022-இல் வந்தது. வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள் ஆகிய அனைத்தையும் இப்புதிய விதி கட்டுப்படுத்துகிறது.

இது நல்ல மாற்றமே. ஆயினும் பாதி என்பது உச்ச வரம்பு. அவ்வளவு வரை வாங்குங்கள் என்னும் அறிவுரையன்று. நம் குடும்பம் அந்த வரம்பு வரை கடன் வாங்கிவிட்டது என்க. 23,000 ரூபாயில் தவணைக்கு 11,500 போனபின் 11,500 மிஞ்சும். அறை வாடகை 6,000. ஊரிலிருக்கும் பாட்டிக்கு 3,000. எஞ்சுவது 2,500 ரூபாய். நால்வரின் அரிசி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம், மருந்து, பள்ளிச் செலவு அனைத்திற்கும் நாளொன்றுக்கு 83 ரூபாய். விதி மீறப்படவில்லை, வீட்டில் உலைவைக்க வழியுமில்லை.

இதுவும் சராசரி மாதத்தின் நிலைதான். ஜூலையில் தந்தையின் 8,000, தாயின் 4,000, அக்காளின் 5,500 எல்லாம் சேர்ந்து 17,500 ரூபாய்தான் வரும். தவணையையும் வாடகையையும் கட்டியதும் கையில் ஒன்றும் இராது. பாட்டிக்கு அனுப்பவும் முடியாது. இனி, படிவத்தில் 23,000 என்பதற்கு மாறாக 30,000 என்று கூட்டி எழுதியிருந்தால் என்னவாகும்? ஆண்டு வருமானம் 3,60,000 ஆகிவிடுவதால், குறுங்கடனுக்குரிய பாதுகாப்புகளே அக்குடும்பத்திற்கு இல்லாமற்போகும். 25,000 என்று எழுதியிருந்தாலோ தவணை வரம்பு 12,500 ஆகி, அந்த 2,500 ரூபாயிலிருந்து மேலும் 1,000 ரூபாய் பறிபோகும்.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. அக்கம்பக்கத்தில் போடும் சீட்டு, கடைத்தெருவில் வாங்கும் தண்டல் ஆகியவற்றின் தவணைகள் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் இரா. ஆகவே அலுவலர் கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டாலும் சொல்வதே வீட்டிற்கு நன்மை.

தவணை தவறினால்

கடனைக் கட்ட இயலாத நிலை வந்தால் ஒளிந்துகொள்வதைவிட முன்சென்று சொல்வது நல்லது. திருப்பிச் செலுத்த இடர்ப்படுவோரைக் கண்டறிந்து, அவர்களோடு பேசி, உள்ள வழிகளை எடுத்துக்கூறும் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்தரும்படி எழுத்து வாயிலாகக் கேட்கலாம். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும். தாமதத்திற்கான தண்டத் தொகையை நிலுவையின்மீது மட்டுமே விதிக்கலாம். முழுக் கடன்மீது விதிக்க முடியாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொல்லை செய்தல், இழிசொல் பேசுதல், உறவினரையோ உடன் வேலை செய்பவரையோ துன்புறுத்துதல், கடன்பட்டவரின் பெயரை ஊரறிய வெளியிடுதல் ஆகியவை தடுக்கப்பட்டுள்ளன. கடன் ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. உங்கள் தாய்க்குப் புரியும் மொழி தமிழ் என்றால், தமிழில் கேட்பது உரிமையாகும், சலுகையன்று.

இங்கே உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். அக்காளின் சம்பளத்தையும் என் உதவித்தொகையையும் சேர்த்துத்தானே வருமானம் எழுதினோம்? அப்படியானால் அப்பாவின் கடனுக்கு நாங்களும் பொறுப்பா?

இல்லை. வருமானத்தை அளப்பது வேறு. கடனுக்குப் பொறுப்பேற்பது வேறு. அளக்கும்போது அனைவரின் வருமானமும் சேரும். பொறுப்போ கடனாளியாகவோ பிணையாளராகவோ கையொப்பமிட்டவரை மட்டுமே சாரும். தந்தை மட்டும் கையொப்பமிட்ட கடனுக்காக அக்காளின் சம்பளத்தைக் கேட்க முடியாது. தாயும் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டிருந்தால் அவரும் பொறுப்பாவார். குழுக் கடனில் மற்ற உறுப்பினரின் தவணைக்கும் பொறுப்பேற்றிருக்கக்கூடும். ஆகையால் தாளில் 'இணைக் கடனாளி', 'பிணையாளர்' என்னும் சொற்கள் எங்கு வருகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாத உங்களை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. பெற்றோர் மறைந்தபின்னரும், அவர்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவிற்குத்தான் பிள்ளைகள் பொறுப்பாவர்.

வழக்கு நீதிமன்றம் சென்று தீர்ப்பாகிவிட்டால், கடன்பட்டவரின் பொருளை நீதிமன்றம் பற்றுகை செய்யலாம். பேச்சுவழக்கில் இதனை ஜப்தி என்பர். ஆனால் அனைத்தையும் எடுத்துவிட முடியாது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, தொடக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உடுக்கும் ஆடை, சமையல் பாத்திரங்கள், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. தோல் வெட்டுபவரின் கத்தியை எடுத்துவிட்டால் அவர் எதைக்கொண்டு ஈட்டிக் கடனை அடைப்பார்? கடன் கொடுத்தவருக்கும் அது இழப்பே.

தொழிலாளரின் கூலியையும் வீட்டுவேலை செய்வோரின் கூலியையும் பற்றுகை செய்ய இயலாது. சம்பளத்திற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் ஊழியருக்கே உரியவை. செம்பூரில் அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவரின் சம்பளம் 16,000 ரூபாய் என்றால், 1,000 போக மீதி 15,000. அதில் 10,000 அவருக்கு. 5,000 ரூபாயைத்தான் பற்ற முடியும். ஒரே தீர்ப்பிற்காக 24 மாதங்கள் அவ்வாறு பற்றியபின், அத்தீர்ப்பிற்காக அச்சம்பளத்தை மேலும் பற்ற முடியாது. இவ்விதி பராமரிப்புத் தொகைக்கான தீர்ப்பிற்குப் பொருந்தாது.

இக்கணக்கில் ஒரு குறையும் இருக்கிறது. அந்த 16,000 ரூபாயை நம்பி ஒருவர் வாழ்கிறாரா, ஆறுபேர் வாழ்கிறார்களா என்று அது கேட்பதில்லை. இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின்கீழ், கடன்பட்டவரும் கடன் கொடுத்தவர்களும் உடன்பட்டு அமைத்துக்கொள்ளும் கடனீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. அங்கே கடன்பட்டவரின் துணைவருடைய வருமானத்தையும் கேட்பார்கள். அதை எடுத்துக்கொள்வதற்காகக் கேட்பதில்லை; வீட்டுச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதற்காகக் கேட்பார்கள். கணவர் 1,800 பவுண்டும் மனைவி 1,200 பவுண்டும் ஈட்டுகின்றனர். வீட்டுச் செலவு 2,000 பவுண்டு என்போம். வருமானம் 60-க்கு 40 என்னும் விகிதத்தில் இருப்பதால், செலவில் கணவரின் பங்கு 1,200. அவரிடம் மிஞ்சும் 600 பவுண்டு கடன் கொடுத்தவர்களுக்குச் செல்லும். மனைவியிடம் மிஞ்சும் 400 பவுண்டு அவருடையதே. முதலில் வாழ்க்கைச் செலவு, பிறகு மிச்சம், மிச்சத்திலிருந்து தவணை என்னும் இந்த வரிசை நம் 'பாதி' விதியின் வரிசைக்கு நேர்மாறானது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் எளியோருக்கென ஒரு புதுத்தொடக்க வழி எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவர் அதனைக் கேட்கலாம். ஆனால் அப்பகுதி பொதுமக்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும், முறுக்கு விற்கும் நம் தாய் அந்த வரம்பின் விளிம்பில் நிற்பார். தந்தை வெளியே நிற்பார். ஆகவே மும்பையில் தனிமனிதரின் நொடிப்பிற்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் வழி. கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களுக்கென ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது.

எளிய குடும்பங்களுக்கு நெருக்கமான வழி லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றமே. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் அங்கே கட்டணம் இல்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அவர்களின் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இருதரப்பும் ஒப்புக்கொண்ட தவணை, நீதிமன்றத் தீர்ப்பிற்கு நிகராகும். அதன்மேல் முறையீடு செய்ய இயலாது. ஆதலால் ஒப்புக்கொள்ளும் முன்பே, பன்னிரண்டு மாத வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச்செல்ல வேண்டும். அத்தாளில் ஜூலை மாதத்திற்குத் தனி வரி இருக்கட்டும். பாட்டிக்கு அனுப்பும் 3,000 ரூபாயையும் விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி

1. மும்பையில் மாதம் 16,000 ரூபாய் ஈட்டி, ஊருக்கு 9,000 ரூபாய் அனுப்புபவரின் குடும்பத்தில் வேறு வருமானம் இல்லை. ஒரே பணத்தை இருமுறை எண்ணினால் தவணை வரம்பு எவ்வளவு கூடிவிடும்? கணக்கிட்டு எழுதுக.

2. 'வருமானத்தை அளப்பது வேறு; கடனுக்குப் பொறுப்பேற்பது வேறு.' இத்தொடரை அக்காளின் சம்பளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.

3. பிரித்து எழுதுக: கையொப்பம், கடனாளி, உயிர்நாடி, தொழிற்கருவி.

4. மழைக்கால மாதங்களில் தவணையைக் குறைத்துத் தரும்படி, உங்கள் தாயின் சார்பில் ஒரு நிதி நிறுவன மேலாளருக்குக் கடிதம் எழுதுக. கடிதத்தில் மூன்று மாதங்களின் வரவு செலவுக் கணக்கு இடம்பெற வேண்டும்.